இரண்டாவது புகார்

என் வேலையில் மூன்று பொத்தான்கள். 'இருக்கட்டும்', 'நீக்கு', 'மேலே அனுப்பு'. எங்கோ ஒருவர் ஒரு வீடியோவைப் பார்த்து மனம் நொந்து புகார் செய்வார். அது வரிசையில் நகர்ந்து வந்து என் திரையில் நிற்கும். நான் பார்ப்பேன், மூன்றில் ஒன்றை அழுத்துவேன், அடுத்தது வரும். இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை. ஒரு மணி நேரத்தில் நூற்றிருபது முடிக்க வேண்டும். ஒன்றுக்கு முப்பது விநாடி. தண்ணீர் குடிப்பதும் கொட்டாவி விடுவதும் அதற்குள்தான்.

இதற்கு ஈடுகொடுக்க எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எழுதி வைத்ததில்லை. சேர்ந்த முதல் வாரமே பக்கத்து இருக்கைக்காரர் சொல்லிக்கொடுத்துவிடுவார். சத்தத்தை அணைத்துவிடு. முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். அடிப்பது கை, கத்தி பிடிப்பது கை, துணியை இழுப்பது கை. கை சும்மா இருந்தால் பெரும்பாலும் வீடியோவும் சும்மாதான். முகத்தைப் பார்த்தால் அது வீடு வரை கூட வரும். கை வராது.

கையும் வரும். பகல் தூக்கம் ஆழமில்லாத குளம் மாதிரி, முதுகு அடிக்கடி தரையில் இடிக்கும். அதில் வரும் கனவுகளில் ஆட்கள் வாயைத் திறந்து மூடுவார்கள், குரல் வராது. குரலெல்லாம் தெருவிலிருந்து வரும். கனவில் ஒருத்தி தலை சீவினால் சீப்பிலிருந்து மோட்டார் சைக்கிள் உறுமும். ஒருவன் ரொட்டியைப் பிய்த்தால் மூன்றாவது வீட்டு நாய் குரைக்கும். எனக்கு இது பழகிவிட்டது.

அந்த வீடியோ விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்து மாடிப்படி. மேலிருந்து எடுத்தது. சீருடையில் ஒரு பெண் இறங்கிப் போகிறாள். உச்சந்தலையும் பையும்தான் தெரிகின்றன. படியின் இரண்டு பக்கமும் பிள்ளைகள் வரிசையாக நின்று கைதட்டுகிறார்கள். புகார்களின் எண்ணிக்கை: ஒன்று. ஏதோ போட்டியில் ஜெயித்திருக்கிறாள், பொறாமை பிடித்த யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒன்பது விநாடி பார்த்துவிட்டு 'இருக்கட்டும்' என்று அழுத்தினேன். மிச்சம் பிடித்த நேரத்தில் கழுத்தில் சொடக்கு எடுத்துக்கொண்டேன்.

நான் இருப்பது அக்கா வீட்டில். மூன்றாவது மாடி, இரண்டு அறை. அத்தானுக்குக் கப்பலில் சமையல் வேலை, வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீரில்தான். அக்கா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறாள். அங்கே கழித்துப்போட்ட பச்சைத் துணிகளைத் தைத்து, முன்னறையை இரண்டாக்கி, என் கட்டிலுக்கு ஒரு திரை போட்டுக் கொடுத்திருந்தாள். பகல் முழுக்க அந்தப் பக்கம் பச்சையாகத்தான் இருக்கும். கையைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீருக்கு அடியில் இருப்பவன் கை போலத் தெரியும்.

அக்கா மகள் எட்டாம் வகுப்பு. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். அவள் அறைக்கு அறை ஓடினால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் தன் கூரையைத் தட்டுவார். அப்படிப்பட்டவள் கொஞ்ச நாளாக வீட்டுக்குள் நுனிக்காலில் நடந்தாள். நான் தூங்குகிறேன் என்பதற்காக நடக்கிறாள், பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்து, அக்காவிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். "உன்னைப் பாத்துக் கத்துக்காத வரைக்கும் சரி" என்றாள் அக்கா.

பிறகு அவள் பள்ளிக்குப் போவது நின்றது. நான் காலையில் வந்து செருப்பைக் கழற்றும்போது ஹாலில் பாய் விரித்துக் கிடந்தாள். அக்கா ஆறரைக்கே வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள்.

"இன்னிக்கும் வயிறா?"

"ம்."

"நேத்து தலைன்னு சொன்னே."

"இறங்கி வந்துருச்சு."

நாலு நாள் இப்படி. திரைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். இரண்டு பேரும் பகலில் தூங்கினோம். காகம் ஒன்று ஜன்னல் கம்பியில் அலகைத் தீட்டிக்கொண்டிருக்கும். எங்கேயோ குழாயில் தண்ணீர் ஏறும். வெயில் பச்சைத் துணியின் மேல் மெதுவாக இடம் மாறும். நான் விழித்தபோதெல்லாம் அவளும் விழித்திருப்பது மூச்சிலேயே தெரிந்தது. ஐந்தாம் நாள் திரைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"மாமா, தூங்கிட்டியா?"

"ஆமா."

"தூங்குறவங்க பேசமாட்டாங்க."

"நான் ஆபீஸ்ல தூங்கிக்கிட்டே வேலையே பாப்பேன்."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"உங்க ஆபீஸுக்கு ஒரு புகார் வந்தா ஆள் பாப்பாங்களா, மெஷினா?"

"ஆளுதான்."

"எத்தனை பேரு?"

"ஒருத்தர்."

"அவரு பாத்துட்டுத் தப்பில்லைன்னு சொல்லிட்டா?"

"தப்பில்லைன்னு அர்த்தம். ஏன்?"

 கொஞ்ச நேரம் கழித்துத் திரைக்கு அடியில் தரையோடு தரையாக அவளுடைய போன் நகர்ந்து வந்தது. மாடிப்படி. மேலிருந்து எடுத்தது. முதல் விநாடியிலேயே எனக்கு அது தெரிந்துவிட்டது. தெரியாதது சத்தம்தான்.

அவள் ஒரு படியில் கால் வைத்தாள். அத்தனை கைகளும் ஒன்றாகத் தட்டின. டப். அடுத்த படி. டப். அடுத்தது. டப். அவள் நின்றாள். கைகளும் நின்றன. அந்த அமைதியில் யாரோ சிரிப்பை அடக்கி மூக்கால் விடுவது கேட்டது. வேறு சத்தமே இல்லை. அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி காலை எடுத்தாள். டப். ஓடினாள். டப்டப்டப்டப். கடைசிப் படி வரைக்கும் விடவில்லை.

அந்த உச்சந்தலையை இப்போது பார்த்தேன். போன மாதம் நானும் அக்காவும் மாற்றி மாற்றிப் பேன் பார்த்த தலை.

"புது ஷூ ஒரு சைஸ் பெருசு" என்றாள் வாலு, திரைக்கு அந்தப் பக்கமிருந்தே. "பிரேயர்ல நடந்து போறப்ப டப்பு டப்புன்னு சத்தம். ஒருத்தி அதுக்குத் தாளம் போட்டா. சும்மா விளையாட்டுக்குத்தான். அப்புறம் எல்லாரும். பழைய ஷூ போட்டுட்டுப் போனேன், அதுக்கும் தட்டுறாங்க. பாத்ரூம் போனா தட்டுறாங்க. கிளாஸ் குரூப்ல நான் வீட்டுப்பாடம் என்னன்னு கேட்டாக்கூட வரிசையா கைதட்டுற பொம்மை போடுறாங்க. நேத்து காலைல எண்ணினேன், இருநூத்திப் பத்து கை. வீடியோல பாட்டு வேற சேத்துட்டாங்க."

"யாருகிட்டயும் சொல்லலையா?"

"புகார் குடுத்தேனே. 'பார்த்தோம், விதிமீறல் எதுவும் இல்லை'ன்னு வந்துச்சு." அவள் குரலில் அழுகை இல்லை. மார்க்கைப் படித்துக் காட்டுவது போலச் சொன்னாள். "யாரோ ஒரு பெரியவங்க பாத்துட்டுத்தானே சொல்லிருக்காங்க. அப்போ என் மண்டைலதான் ஏதோ கோளாறு. நான் இனிமே அந்த ஸ்கூலுக்குப் போகமாட்டேன் மாமா. எந்த ஸ்கூலுக்கும் போகமாட்டேன். நீயும்தானே பதினொண்ணோட நின்னுட்டே. அம்மாகிட்ட நீதான் சொல்லணும்."

அந்தப் பெரியவன் நான்தான் என்று அப்போதே அவளிடம் சொல்லியிருக்கலாம். போனைத் திரைக்கு அடியில் திருப்பித் தள்ளிவிட்டு, "தூங்கு" என்றேன்.

நான் படிப்பை விட்டதற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது. படிப்பு ஏறவில்லை, வேலை கிடைத்தது. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் எங்களோடு ஒரு பையன் இருந்தான். அவன் எதைத் தொட்டாலும் நாங்கள் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வோம். பெஞ்சைத் தொட்டால், கதவைத் தொட்டால். வருஷம் முழுக்கத் துடைத்தோம். யாரும் அவனை ஒரு வார்த்தை சொன்னதில்லை, அடித்ததில்லை. கேட்டிருந்தால் சட்டையில் தூசி என்றுதான் சொல்லியிருப்போம். அன்றைய தூக்கத்தில் அவன் வந்தான். பச்சை வெளிச்சத்தில் ஒரு படிக்கட்டு கீழே கீழே போய்க்கொண்டிருந்தது, பாதிப் படிகளுக்குப் பிறகு தண்ணீர். அவன் தண்ணீருக்குள் அவசரமில்லாமல் இறங்கினான். நான் கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன். துடைக்கத் துடைக்கச் சட்டை நனைந்துகொண்டே போனது.

அக்காவிடம் நான் சொல்வதற்கு முன்பே பள்ளியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். ஐந்து நாளாக வரவில்லை, பெற்றோர் வரவும். மறுநாள் காலை வேலை முடிந்து நேராகப் பள்ளிக்கே போனேன். ராத்திரியே வாலுவிடம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட அக்கா லீவு போட்டிருந்தாள். வாலு அவள் பின்னால், பழைய ஷூவில், தரையைத் தொட்டும் தொடாமலும் வந்தாள். அப்போது வகுப்பு நேரம், நடைபாதையில் யாரும் இல்லை. இருந்தும் ஒவ்வொரு கதவைத் தாண்டும்போதும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

தலைமை ஆசிரியை அறையில் ஒரு பெரிய மேசை, அதன்மேல் பரிசுக் கோப்பைகள், நாலு நாற்காலி. வகுப்பு ஆசிரியையான கணக்கு டீச்சர் ஜன்னலோரம் நின்றிருந்தார். எனக்குத் தூக்கக் கலக்கத்தில் எல்லாம் ஒரு அடி தள்ளித் தெரிந்தது.

அக்கா நீட்டிய வாலுவின் போனில் தலைமை ஆசிரியை வீடியோவைப் பார்த்தார். சத்தம் எறும்பு ஊர்வது போலத்தான் இருந்தது.

"கைதானேம்மா தட்டுறாங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "திட்டலை, தொடலை. கைதட்டினதுக்கு என்னன்னு தண்டனை குடுக்கறது?"

"அவ அஞ்சு நாளா சோறு தண்ணி சரியா எடுக்கலை மேடம்" என்றாள் அக்கா.

"புரியுது. ஆனா பாருங்க, புகார் குடுத்ததா நீங்களே சொல்றீங்க. அந்தக் கம்பெனிக்காரங்களே பாத்துட்டுத் தப்பு எதுவும் இல்லைன்னு பதில் போட்டிருக்காங்க. இதையே வேலையா வெச்சிருக்கவங்க அவங்க. அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது?"

வாலு தலையைக் குனிந்துகொண்டாள். சரிதான் என்று அவளும் ஒப்புக்கொள்வது போல இருந்தது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"அந்தக் கம்பெனிக்காரன் நான்தான் மேடம்" என்றேன்.

 நானே மேலே சொன்னேன். "தப்பில்லைன்னு அழுத்தினது நான். சத்தத்தை அணைச்சுட்டு ஒன்பது செகண்டு பாத்தேன். ஏதோ பரிசு வாங்கின பொண்ணுன்னு நினைச்சேன். என் அக்கா பொண்ணுன்னே தெரியலை. அந்தப் பதிலை வெச்சு நீங்க எதுவும் முடிவு பண்ணாதீங்க. அதுக்கு மதிப்பே கிடையாது."

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. மேசைக்கு அடியில் என் தொடையில் கிள்ளினாள், சின்ன வயதில் கிள்ளுவது போல, நகம் பதிய.

வாலு நிமிர்ந்து பார்த்தாள். "நீயா?"

"நான்தான்."

அவள் முகத்தில் ஏதோ மூடிக்கொண்டது. கதவு சாத்துகிற மாதிரிகூட இல்லை, யாரோ உள்ளே விளக்கை அணைத்துவிட்டுப் போன மாதிரி. இனி இவள் யார் சொல்வதையும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தது. அடுத்ததாக என் வாயில் வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை. தூங்காத மண்டை, உண்மைக்கும் பொய்க்கும் ஒரே குரலைத்தான் வைத்திருந்தது.

"ஆனா புகார் ரெண்டு வந்துச்சு" என்றேன். "ஒண்ணு இவளோடது. இன்னொண்ணும் இதே ஸ்கூல்லேர்ந்துதான். பேரு எங்களுக்குக் காட்டாது. எங்கேர்ந்துன்னு மட்டும் காட்டும்."

ஒன்றுதான் வந்தது. எண் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. எங்கேர்ந்து என்றும் எங்களுக்குக் காட்டாது.

கணக்கு டீச்சர் ஜன்னலை விட்டு வந்தார். மேசையிலிருந்த போனை எடுத்து, சத்தத்தை முழுதாக ஏற்றி, வீடியோவை மறுபடி ஓடவிட்டார். டப். டப். டப். பக்கத்து அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த குமாஸ்தாவின் விரல்கள் நின்றன. வீடியோ முடிந்த பிறகும் அவர் தொடரவில்லை.

"இந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கேன்" என்றார் டீச்சர். "ரெண்டு வாரமா. விளையாட்டு விழாவுக்கு ஏதோ பழகுறாங்கன்னு நினைச்சேன். நல்லா ஒத்துமையா தட்டுறாங்களேன்னுகூட நினைச்சேன்."

"நாப்பது பேரு" என்றார் தலைமை ஆசிரியை மெதுவாக. "கூப்பிட்டுக் கேட்டா ஒவ்வொருத்தரும் நான் கைதான் தட்டினேன்னுதான் சொல்வாங்க."

"முப்பத்தொன்பது, மேடம்" என்றார் டீச்சர். "ஒரு ஆளு புகார் குடுத்திருக்கில்ல."

அன்று இரவு வேலைக்குப் போனதும் அந்த வீடியோவை மறுபடி பரிசீலனைக்கு எடுக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தேன். தன் முடிவு தவறு என்று தானே சொன்னால் அது பிழையாக நம் பேரில் ஏறும். மாதத்துக்கு மூன்று ஏறினால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். எங்கள் குழுத்தலைவரை நாங்கள் கடிகாரம் என்று கூப்பிடுவோம். பாட்டு சேர்த்ததையும் சேர்த்து இரண்டையும் அவர் நீக்கினார்.

"சத்தம் வெச்சுப் பாக்கலையா?"

"இல்ல."

"சரி, இனிமே வெச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டு, "ஆனா நூத்திருபது நூத்திருபதுதான்" என்று சேர்த்துக்கொண்டார். இப்போது சத்தம் வைத்துத்தான் பார்க்கிறேன். தொண்ணூற்றைத் தாண்டவில்லை. எத்தனை நாள் விடுவார் என்று தெரியாது.

வாலு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் தட்டை அக்காவிடம் கொடுத்து அனுப்பினாள். மூன்றாம் நாள் நான் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது திரையின் ஓரத்தை விலக்கிக்கொண்டு நின்றாள். பச்சைக்கு நடுவே அவள் நின்ற இடம் மட்டும் மஞ்சளாக இருந்தது.

"அந்த இன்னொரு ஆளு பொண்ணா, பையனா?"

"காட்டாது."

"எந்தக் கிளாஸ்?"

"காட்டாதுன்னு சொல்றேன்ல."

"எதுவுமே காட்டாத ஆபீஸ்ல உக்காந்து என்னத்தைத்தான் பாக்குறே?" என்றாள். அது திட்டுதான். இருந்தாலும் பேச்சு. போகும்போது, "திங்கக்கிழமை போய்ப் பாக்குறேன். யாருன்னு மட்டும் தெரிஞ்சுக்கணும். தெரிஞ்சதும் நின்னுடுவேன்" என்றாள்.

தைரியம் வந்து அவள் போகவில்லை, ஆளைக் கண்டுபிடிக்கப் போனாள். போனவளுக்கு அன்றே கைதட்டல் காத்திருந்தது. ஆனால் அவள் குனியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு படியேறியிருக்கிறாள். இவளா, அவனா என்று. முறைக்கிறாள் என்று நினைத்து இரண்டு பேர் நிறுத்திவிட்டார்களாம். பிறகு வகுப்பில் கணக்கு டீச்சர் வீடியோவைப் போடாமல் சத்தத்தை மட்டும் போட்டிருக்கிறார். இது என்ன என்று கேட்டிருக்கிறார். நாற்பது பேரும் பெஞ்சைப் பார்த்தார்களாம். "இதுக்கு ரெண்டு பேரு புகார் குடுத்திருக்காங்க. ஒண்ணு யாருன்னு உங்களுக்குத் தெரியும். இன்னொரு ஆளு இங்கதான் எங்கேயோ உக்காந்திருக்கு. அது யாருன்னு நான் கேக்கப்போறதில்லை" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையில் கணக்கை எழுத ஆரம்பித்துவிட்டார். கிளாஸ் குரூப்பிலும் அவர் சேர்ந்துகொண்டார். ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் டீச்சர் இல்லாத இன்னொரு குரூப் தொடங்கிவிட்டார்கள். அதில் வாலுவும் இல்லை. பிள்ளைகள் பிள்ளைகள்தான்.

வாலு செவ்வாய்க்கிழமையும் போனாள். புதன்கிழமையும். தினமும் நான் காலையில் தூங்கப் போகுமுன் அவள் கிளம்பிப் போவதும், சாயங்காலம் நான் எழும்போது அவள் வந்து நிற்பதும் பழையபடி ஆனது. நேற்று எட்டுப் பேர் தட்டினார்கள், இன்று ஐந்து என்று சொல்லிக்கொண்டு வருவாள். மழை எவ்வளவு பெய்தது என்று சொல்கிற மாதிரி.

பத்து நாள் இருக்கும். நான் கண் விழித்தபோது என் கால்மாட்டில் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். சீருடைகூட மாற்றவில்லை. ஒரு வாழைப்பழத்தை உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினாள்.

"மாமா, ஒரு விஷயம். அந்த ரெண்டாவது ஆளு நான்தான்னு ஒருத்தி வந்து சொன்னா."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. "யாரு?"

"முன் பெஞ்சுல உக்கார்றவ. யாருகிட்டயும் சொல்லாதே, நான்தான்னு காதுல சொன்னா. போன வியாழக்கிழமை."

"சரி."

"வெள்ளிக்கிழமை இன்னொருத்தன் சொன்னான். சைக்கிள் நிக்கிற இடத்துல."

நான் பழத்தை மெல்லாமல் வாயில் வைத்திருந்தேன்.

"நேத்து இன்னொருத்தி. இன்னிக்கு, முதமுதல்ல தாளம் போட்டாளே, அவ." வாலு பழத்தோலை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். "பாத்ரூம் வாசல்ல நிறுத்தி வெச்சுச் சொல்றா. நான் தட்டினது தப்புன்னு அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் நானே புகார் குடுத்துட்டேன்னு. மொத்தம் நாலு பேரு ஆச்சு. நீ ரெண்டு புகாருன்னுதானே சொன்னே?"

"ஆமா."

"நல்லா நினைவிருக்கா?"

"இருக்கு."

நாலு பேரும் பொய் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஐந்தாவது பொய்க்காரன் இந்தக் கட்டிலில் படுத்திருந்தான். சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஒன்றுதான் வந்தது, அது நீதான், உனக்காக அன்றைக்கு ஒரு நாதியும் இல்லை என்று. ஒரு தடவை அவளிடம் மறைத்துவிட்டுப் பட்டது போதாதா என்றும் தோன்றியது. ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பச்சை கறுத்துக்கொண்டு வந்தது.

"சொன்ன பிறகு அவங்க தட்டுறாங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"எப்படித் தட்டுவாங்க? நான்தான் புகார் குடுத்தேன்னு சொல்லிட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் தட்டுறது? முன் பெஞ்சுக்காரி அடுத்தவ கையையே பிடிச்சு இறக்கிவிட்டா." வாலு எழுந்து நின்றாள். "மத்தியானம் அவகூடத்தான் சாப்பிடறேன். சைக்கிள்காரனும் வந்து உக்கார்றான். அவன் வாய் ஓயாது, என்னென்னவோ உளர்றான்."

"வாலு" என்றேன். "இரு. அந்தப் புகார் விஷயம்."

அவள் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கண்டுகொண்டாளா, இல்லையா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. பழத்தோலை என் கையில் திணித்தாள்.

"யாருன்னு ஆபீஸ்ல பாத்தியா?"

"அது வந்து..."

"தெரிஞ்சாலும் சொல்லாதே மாமா. ஒருத்தர்தான்னு ஆயிட்டா மத்த மூணு பேரும் பொய்க்காரங்களா ஆயிடுவாங்க."